அந்த ஒரு வரி

...மூன்றாவது வரிசையில் ஒரு டைல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எவன் ஒட்டினானோ, நடுவில் மட்டும் சிமெண்ட்டை அப்பிவிட்டுப் போயிருக்கிறான், தட்டினால் டொக்கென்று கேட்கும், இழப்பீட்டு வாரியத்தின் சமரச அறைக்கே இந்த லட்சணமா... சரி, நான் இங்கே டைல்ஸ் ஒட்ட வரவில்லை, கையெழுத்துப் போட வந்திருக்கிறேன். போடுவேனா? ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கும்வரை மாட்டேன். 'தடுப்பூசிதான் காரணம் என்று வாரியம் ஒப்புக்கொண்டதாக ஆகாது.' ஆகாதாம்! கைக்குழந்தையாய்க் கொழுகொழுவென்று இருந்த மகள், ஊசி போட்ட அன்றைக்கே காய்ச்சல், வலிப்பு, அப்புறம் இந்த விளங்காத இடது கால், இந்தத் திக்கித் திக்கி வரும் பேச்சு... ஊசி காரணமில்லை என்றால் வேறென்ன, பக்கத்து வீட்டுப் பூனையா? மருந்துதான் என்று எழுதித் தரட்டும். ஏனென்றால் மருந்து இல்லையென்றால் அதைப் போட்ட கைதான் காரணம் என்றாகிவிடும். அது என் மனைவியின் கை. தடுப்பூசி போடும் நர்ஸ் அவள், எங்கள் மகளுக்கும் அவளேதான் போட்டாள், அதைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.

அவளோ மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள், மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து லேபிளை வாசிப்பாளே, அதே மாதிரி, உதடு அசைய, ஒன்றுக்கு இரண்டு தடவை. எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார், "ஏம்மா, இப்பவும் நீங்க அதே ஊசியைத்தான் போடறீங்களா?" எங்கள் வக்கீலம்மா வாசலிலேயே தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள், என்ன கேட்டாலும் என்னைப் பாருங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று. இவளா கேட்பவள்? "ஆமா சார். காலையில கூட ரெண்டு பிள்ளைங்களுக்குப் போட்டுட்டுத்தான் வரேன்." போச்சு! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று. அவர் உதட்டோரத்தில் சிரிப்பு. இவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணுக்கு எதனால இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது சார். உங்க டாக்டர் இல்லைங்கறார், எங்க டாக்டர் இருக்கலாம்ங்கறார். தெரியாததுக்குத்தானே இந்த நிதியை வச்சிருக்கீங்க? எல்லாப் பிள்ளைங்களும் நல்லா இருக்கணும்னுதான் ஊரே போட்டுக்குது. அதுல ஒண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னா ஊர்தானே பாத்துக்கணும்? அந்த வரி இருந்துட்டுப் போகட்டும். பதினெட்டு வயசு வரைக்கும் வைத்தியம்னு போட்டிருக்கே, அதை மாத்துங்க. அதுக்கப்புறம் இவ கால் தானா சரியாயிடுமா?" அடேயப்பா! என்னிடம்கூட இப்படி மூச்சு விடாமல் பேசியதில்லை. அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வக்கீல் வாரியத்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார், அதிகாரி அவளையே பார்த்தார், பிறகு தலையாட்டினார். வாழ்நாள் முழுவதும் என்று மாறி வந்துவிட்டது. தெய்வமே, இவளை எனக்கு எப்படிக் கட்டிவைத்தார்கள்?

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இனி நான். அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது. பேனா நகரவில்லை, அதிகாரி தொண்டையைச் செருமுகிறார், மகள் என்னையே பார்க்கிறாள், டைல் கட்டரைப் பிடிப்பதுபோல் பேனாவை இறுக்கிப் பிடித்திருக்கிறேன்... "ஊதுங்க," என்றாள் மெதுவாக. ஊசி போடும்போது அவள் சொல்வதுதான். குழந்தைக்குச் சொன்னால் புரியாதே, அதனால் மடியில் வைத்திருக்கும் அம்மாவை ஊதச் சொல்வாள், ஊதினால் பெரியவர்களின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் குழந்தையின் காலும் தளரும், அப்போது வலி தெரியாதாம். ஊதினேன். கையெழுத்து விழுந்துவிட்டது, கோணல்மாணலாகத்தான். மகள் கைதட்டினாள். எங்கள் வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அடுக்குகிறாள், எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்... அன்றைக்கும் மகளை மடியில் வைத்திருந்தது நான்தானே, என்னைத்தான் ஊதச் சொன்னாள், ஊதினேன், பிள்ளை சிணுங்கக்கூட இல்லை, நீ கெட்டிக்காரிதான் என்று மனைவியைப் பார்த்துப் பெருமையாய்ச் சிரித்தேன்... அன்றிலிருந்து இன்றுவரை, ஊசி போட்ட அவளை ஊதச் சொன்னது யார்?