சேர்ந்து சாப்பிட ஒரு பானை

மலேசியாவின் ஈப்போ நகரில் ஃபேக்டரி வேலை முடிந்து வந்து டோரிஸ் அடுப்பைப் பற்றவைப்பதற்குள், அவள் கணவன் மத்தியாஸ் இரவுக் காவல் வேலைக்குக் கிளம்பிவிடுவான். ஒருவேளையாவது சேர்ந்து சாப்பிடலாம் என்றுதான் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பானையை வாங்கினாள். காலையில் பருப்பும் ஆட்டெலும்பும் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் குழைய வெந்திருக்கும்.

முதல் நாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மத்தியாஸ் கைகழுவிக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டாச்சா? நான் வந்துருவேன்னு சொன்னேனே!”

“சூடா இருந்துச்சு, சாப்பிட்டேன். இனி நீ சமைக்க ஓடி வர வேணாம்லா. ஓவர்டைம் பாக்கலாம்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டோரிஸ் சோற்றைப் பிசைந்ததோடு சரி. மறுநாள் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தாள். சேர்ந்து சாப்பிடும் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவேயில்லை.