ஊசிக்கு முன் ஒரு போத்தல் தண்ணீர்

நான்கு மாதம் காத்திருந்த ஞானாம்பிகைக்கு ஸ்கான் திகதி கந்தசஷ்டியின் நான்காம் நாளில் வந்து விழுந்தது. முழங்கால் குருத்தெலும்பில் மிச்சம் இருந்தால் பயிற்சி போதும். இல்லையென்றால் வெட்டிச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும். வைத்தால் இனிக் கோயிலில் விழுந்து கும்பிடுவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் இம்முறை விரதத்தைக் கடுமையாகப் பிடித்தாள். பின்னேரப் பூசைக்குப் பிறகு ஒரு பேணி பால், அவ்வளவுதான். நோவுக் குளிசைகளை மட்டும் எச்சிலோடு விழுங்கினாள். முருகன் அதைக் கண்டுகொள்ள மாட்டான் என்பது அவளுடைய தீர்ப்பு.

கணவர் தியாகலிங்கம் இடுப்பு நோவென்று கொக்குவில் வீட்டிலேயே நின்றுவிட, தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கான் எடுக்கும் தயாளினி கேட்டாள்.

"அன்ரி, தண்ணி வடிவாக் குடிச்சனீங்களோ?"

"ஓம்."

விரதக்காரியின் வாயில் பொய் சுலபமாகவே வந்தது. இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது.

"கிட்னி சோர்ந்துபோய்க் கிடக்கு, அன்ரி. ஸ்கானுக்கு முன்னம் ஊசியிலை ஏத்திற மருந்து குருத்தெலும்புக்குள்ளை ஊறும். தேய்ஞ்ச இடத்திலை கூடுதலா, நல்ல இடத்திலை குறைவா. அதைத்தான் படத்திலை பாக்கிறது. ஆனா பிறகு அது கிட்னியாலை வெளியிலை போகவேணும். இண்டைக்கு ஏத்தேலாது." காய்ந்த உதட்டைப் பார்த்தாள். "விரதமோ?"

ஞானாம்பிகை தலையைக் குனிந்தபடி, நோவுக் குளிசையை எச்சிலோடு விழுங்கியதையும் சொன்னாள்.

"அந்தக் குளிசையும் கிட்னிக்குக் கூடாது. அதை நிப்பாட்டிப்போட்டுத் தண்ணி குடியுங்கோ. நாளையிண்டைக்குத் திரும்பப் பாப்பம். அதை விட்டால் இனி மாசியிலைதான்."

நாளை மறுநாள் சூரன்போர். ஞானாம்பிகை ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு முழுவதையும் குடித்தாள். குற்ற உணர்ச்சி வந்ததுதான். அதற்கு முன்பே தாகம் தீர்ந்த சுகம் வந்துவிட்டது. அதை நினைக்கத்தான் வெட்கமாக இருந்தது. வீட்டில் இரண்டு நாளும் முகம் கழுவும் சாட்டில் கிணற்றடியில் குடித்தாள்.

சூரன்போரன்று இரத்தம் சரியாக இருந்தது. ஊசி போட்டு, மருந்து மூட்டுக்குள் இறங்கப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் இருத்திப் படம் எடுத்தார்கள். மருந்து குறைவாகவே ஊறியிருந்தது. வெட்டத் தேவையில்லை என்றார் டொக்டர்.

தியாகலிங்கம் படலையில் நின்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொன்னார்.

"பச்சைத் தண்ணி பல்லிலை படாமல் கிடந்தவள். முருகன் கைவிடேல்லை." பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளிடம் திரும்பினார். "வாற வருசம் என்ரை இடுப்புக்கும் இப்பிடியே விரதம் பிடி, ஞானம்."

"ஓம்," என்றாள் ஞானாம்பிகை. ஸ்கான் அறையில் சொன்ன ஓம் இதைவிடச் சுலபமாக இருந்தது.