தோற்பதற்கு ஓர் ஆள்

டெண்டரில் ஜெயிக்க வேண்டுமென்றால் கூடவே தோற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் சின்னச் சின்னக் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். முதல் தடவை அழைக்கும்போது ஒரே ஒருவர் மட்டும் விலை போட்டிருந்தால், போட்டியே இல்லை என்று ரத்து செய்துவிடுவார்கள். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா! நம்பிக்கையான ஒருவரைப் பிடித்து, தன் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவர் பெயரில் ஒரு விலை போட வைப்பார்கள். இதற்குப் பெயர் சப்போர்ட்.

கிரேஸுக்கு சப்போர்ட் அவளுடைய தம்பி சாமுவேல். அதற்கு முன்பு அவள் புருஷன் ஜெயவேலுவுக்கும் அவன்தான் சப்போர்ட். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மச்சானைப் பெங்களூருக்குக் கூட்டி வந்து, அவன் பெயரிலும் ஒரு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர் ஜெயவேலு. தோற்பதற்கென்றே எடுத்த லைசென்ஸ் அது. வேலை நடக்கும் இடத்தில் சாமுவேல் மேஸ்திரி, கம்ப்யூட்டரில் மட்டும் எதிராளி. கையெழுத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு சின்னச் சாவி தருகிறார்களே, சாமுவேலின் அந்தச் சாவியும் ஜெயவேலுவின் பிஸ்கட் டப்பாவில்தான் கிடந்தது. தான் எவ்வளவு போட்டுத் தோற்றோம் என்பது சாமுவேலுக்கே தெரியாது.

ஜெயவேலு மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, கிரேஸ் அலைந்து திரிந்து தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினாள். வாங்கி என்ன, ஒரு வேலைகூட வரவில்லை. கொத்தனார் ரங்காவும் கூட இருந்த நாலைந்து ஆட்களும் கிடைத்த இடத்தில் கூலிக்குப் போய்க்கொண்டு, கிரேஸ் அக்கா கூப்பிடுவாள் என்று காத்திருந்தார்கள். போன மாதம் ரங்கா சொல்லிவிட்டான்: இந்தத் தடவையும் இல்லை என்றால் எல்லோரும் ஓசூர் பக்கம் போய்விடுவோம் என்று. அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் போய்விட்டால் கிரேஸிடம் மிஞ்சுவது ஒரு லைசென்ஸும் துருப்பிடித்த கலவை மெஷினும்தான். ஆள் இல்லாத காண்ட்ராக்டரை யார் காண்ட்ராக்டர் என்பார்கள்?

அப்போதுதான் அவள் தெருவிலேயே ஒரு டெண்டர் வந்தது. மோரி என்று இங்கே சொல்கிற சாக்கடைக்கு மேலே உடைந்து கிடக்கும் சிலாப்புகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் வேலை. பெரிய காண்ட்ராக்டர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத சின்ன வேலை. கிரேஸ் விலை போட்டால் போட்டிக்கு ஆளில்லை. தோற்கத்தான் ஓர் ஆள் வேண்டும்.

சாமுவேல் உடனே சரி என்றான். கூடவே ஒன்றும் சொன்னான்.

"அக்கா, ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து போச்சுன்னா இப்போல்லாம் புடிச்சிடறாங்களாம். என் சாவியைக் குடு. பிரேசர் டவுன்ல நம்ம கண்ணா கம்ப்யூட்டர் கடையில நானே போட்டுட்டு வரேன்."

"எவ்ளோ போடணும்னு ஞாபகம் வெச்சுக்க. என்னோடதுக்கு மேல பத்தாயிரம்."

"சரிக்கா."

தம்பிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டு, அவனுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள் கிரேஸ். டெண்டருக்காக அவன் கட்ட வேண்டிய டெபாசிட்டையும் தன் பேங்க் கணக்கிலிருந்தே கட்டினாள். ஜெயவேலு இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

விலைகளைத் திறந்த அன்று கிரேஸ் போனில் பார்த்தாள். முதல் இடத்தில் சாமுவேலின் பெயர் இருந்தது. அவள் விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பதாயிரம்தான். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"தப்பா அடிச்சிட்டியாடா?"

"இல்லக்கா."

"பின்ன? யார்ரா காசு குடுத்தா உனக்கு?"

"யாரும் குடுக்கலக்கா. அந்த வேலைய எவ்ளோவுக்கு செய்ய முடியுமோ அவ்ளோ போட்டேன். உன் விலையில மாமா காலத்துக் கணக்கெல்லாம் கீது. சப்போர்ட்டுக்குக் கொஞ்சம், போட்டிக்கு வராம விட்டுக்குடுத்தவனுக்குக் கொஞ்சம். எனக்கு அதெல்லாம் யாருக்குக் குடுக்கணும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "உன்னை ஏமாத்தணும்னா ஒரு ரூபா கொறைச்சிப் போட்டிருப்பேன்ல? உன் விலைதான் எனக்குத் தெரியுமே."

கிரேஸ் போனை வைத்தாள். கூடப்பிறந்தவன் என்று நம்பினால் குழி பறித்துவிட்டானே என்று வாய்விட்டுத் திட்டினாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. யாரிடம் போய் முறையிடுவது? 'தோற்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜெயித்துவிட்டான்' என்று எந்த ஆபீஸில் புகார் எழுதிக் கொடுக்க முடியும்?

மறுநாள் வார்டு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. உதவி இன்ஜினியர் மமதா கன்னடக்காரர். ஆஸ்டின் டவுன் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் கலந்து பேசுவார். கிரேஸை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேர் டெபாசிட்டும் ஒந்தே அக்கவுண்ட்ல இருந்து வந்திருக்கு. உங்க அக்கவுண்ட். இந்த சாமுவேல் யாரு?"

"தம்பி, மேடம்."

"ஒந்தே மனேனா, ஒரே வீடா?"

"இல்ல மேடம். அவன் அல்சூர்ல கீறான்."

மமதா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நோடி, பாருங்க, ரெண்டு பேரும் பேசி வெச்சுப் போட்டீங்கன்னா ரெண்டையும் தள்ளணும். ரெண்டு பேரும் பிளாக் லிஸ்ட்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். பாவம் பார்த்துத்தான் சொன்னார். "உங்களுக்குத் தெரியாம உங்க அக்கவுண்ட்ல இருந்து கட்டிட்டாரா? ஹாகித்தரெ, அப்படின்னா எழுதிக் குடுங்க. அவரை மட்டும் தள்ளிடலாம். அடுத்தது நீங்கதானே."

ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

கிரேஸுக்கு ரங்காவின் முகம் கண்முன் வந்தது. வேலை வந்துவிட்டது என்று இன்றைக்கே போய்ச் சொல்லலாம். தம்பி செய்த துரோகத்துக்கு இது தகும். பேனாவை எடுத்து, 'என் அனுமதி இல்லாமல் என் தம்பி' என்று எழுதினாள்.

அதற்குமேல் கை ஓடவில்லை. ஜெயவேலு இருந்த காலத்தில் ஒவ்வொரு டெண்டர் திறந்த பிறகும் சாமுவேல் வீட்டுக்கு வந்து, "மாமா, நான் எவ்ளோல தோத்தேன்?" என்று கேட்பான். ஜெயவேலு விழுந்து விழுந்து சிரிப்பார். ரங்காவும் சிரிப்பான். கிரேஸும் சிரித்திருக்கிறாள். அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான் என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் அவமானமாக இருந்தது.

"இதை எழுதிக் குடுத்தா தம்பிக்கு இன்னா ஆகும் மேடம்?"

"பேரு போயிடும். அப்புறம் எங்கயும் டெண்டர் போட முடியாது."

கிரேஸ் தாளைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "வேற தாள் குடுங்க மேடம்."

புதுத் தாளில் எழுதினாள்: 'டெபாசிட் பணம் நான் என் தம்பிக்குக் கடனாகக் கொடுத்தது. என் விலை என்னுடையது. அவன் விலை அவனுடையது.' முதல் வரி பொய். மற்ற இரண்டும் உண்மை. அந்தக் குடும்பம் டெண்டர் போட ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக உண்மை. அதுவும் அவளால் அல்ல, அவனால்.

மமதா படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப வேலை அவருக்குப் போயிடும். தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"நாளைக்கு யார் கேட்டாலும் இதுதான் உங்க வாக்கு."

"ஆகட்டும் மேடம்."

வாசலில் சாமுவேல் நின்றுகொண்டிருந்தான். அவனையும் வரச்சொல்லியிருந்தார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா…"

"பேசாத. டெபாசிட்டைக் கடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். கேட்டா அதையே சொல்லு. பணத்தை ஒழுங்காத் திருப்பிக் குடு."

"ரங்காவை, ஆளுங்களை நானே வெச்சிக்கறேன்கா. கூலி கொறைக்க மாட்டேன்."

மன்னிக்க அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. அவனைத் தாண்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தாள்.

தெருமுனை டீக்கடையில் ரங்காவும் ஆட்களும் காத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் ரங்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"யாருக்குக்கா வந்துச்சி?"

"சாமுவேலுக்கு."

ரங்கா ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். "தோக்கறவன் எப்படிக்கா ஜெயிச்சான்? சரி வுடு, பேரு யாருதா இருந்தா இன்னா? வேலை நம்மளுதுதானே?"

"இல்ல ரங்கா. வேலையும் அவனுதுதான். நாளைக்குப் போய் அவன்கிட்ட கேளுங்க, சேர்த்துக்குவான்."

சிரிப்பு நின்றுபோனது. விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று ரங்கா அவள் முகத்தையே பார்த்தான்.

"அப்போ நீயிக்கா?"

அவன் கேட்டதில் குத்தல் இல்லை, கவலைதான் இருந்தது. அதுதான் கிரேஸுக்குத் தாங்க முடியவில்லை. உடைந்த சிலாப்பைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள்.