பிரேக் பார்க்கப் போனவர்

1

இந்தக் கதை ஒரு கல்லூரியில் பிறந்தது. நான் என் காருக்கு பிரேக் பார்க்கப் போயிருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்குப் பிறகு எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அந்தக் கல்லூரியில் கீழ்த்தளத்தில் வாகனப் பழுதுநீக்கம் கற்றுத்தருகிறார்கள், மாடியில் சமூகப்பணி. கீழே இருப்பவர்கள் பழகுவதற்கு ஓடுகிற வண்டிகள் வேண்டும். மாடியில் இருப்பவர்கள் பழகுவதற்கு மனிதர்கள் வேண்டும். வண்டி முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம், "சும்மாதானே இருக்கீங்க, மேல வந்து ஒரு அரைமணி பேசிட்டுப் போங்களேன்" என்பார்கள். கையில் ஓர் அட்டை தருவார்கள். அதில் எழுதியிருக்கும் ஆளாக நாம் நடிக்க வேண்டும்.

என் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'வயது அறுபத்தெட்டு. குடும்பத்தில் ஒருவருடன் பேச்சு இல்லை. மற்றதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.'

எனக்குக் கற்பனை செய்ய வரும். இதுவரை ஒன்பது கதைகள் அச்சாகியிருக்கின்றன. ஒன்றில்கூட என் வீட்டு ஆட்கள் இல்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊர் பேச நாங்கள் இடம் கொடுத்ததில்லை. இது பத்தாவது கதை. இதிலும் அவர்கள் இல்லை. [இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து, மூன்றாம் முறை எழுதியிருக்கிறேன்.]

2

தொடக்கம், முதல் வடிவம்: 'அவர் மானத்துக்கு அஞ்சியவர்.' இது தீர்ப்பு. தொடக்கம் அல்ல.

இரண்டாம் வடிவம்: 'பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், கையில் ஒரு பையோடு அவருடைய தங்கை' — இங்கே நிறுத்திவிட்டேன். பையின் நிறம் நினைவுக்கு வந்துவிட்டது. கற்பனைப் பைக்கு நிறம் அவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது.

ஆகவே அந்த மாடி அறையிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு நாற்காலிகள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஆசிரியை. எனக்கு எதிரே மாணவி. மாணவி என்றாலும் நாற்பதைத் தாண்டியவர். பதினாறு வருடம் ஒரு கடையில் பில் போட்டுவிட்டுப் படிக்க வந்தவராம்.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

"அய்யான்னே கூப்பிடும்மா. அட்டையில பேர் போடல."

"சரிங்கய்யா. வீட்ல யாரோட பேச்சு இல்ல?"

"தங்கச்சியோட. புருஷன் வீடு வேணாம்னு கிளம்பி வந்துட்டா. நல்ல வார்த்தை சொல்லி, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். விட்டார்னு வெச்சுக்கயேன்."

"அவங்களுக்குப் போக இஷ்டமா?"

"அவளா விருப்பப்பட்டுத்தான் போனா."

(இது கதையில் வரும் குடும்பத்தின் வாக்கியம். உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் வீட்டில் எல்லோரும் இதையே சொன்னார்கள். நான்கு வருடம் கழித்துத் தங்கை தானாகவே அந்த வீட்டைவிட்டு வெளியேறி, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு தனியாக இருக்கத் தொடங்கிய பிறகும் இதையேதான் சொன்னார்கள். அவள் மறுத்துச் சொன்னபோது, பொய் சொல்கிறாள் என்றார்கள். போன மாதம் அவள் அண்ணிக்குப் போன் செய்தாள். "அண்ணன் அந்த ஒரு பொய்ய வாபஸ் வாங்கட்டும் அண்ணி. வேற ஒண்ணும் வேணாம். நான் வீட்டுக்கு வர்றேன்.")

எதிரே இருப்பவரிடம் 'ஏன்' என்று கேட்கக் கூடாது, 'என்ன நடந்தது' என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது மாடிப் பாடம். மாணவி அதை ஒழுங்காகப் படித்திருந்தார்.

"கார்ல அவங்க எங்க உக்காந்தாங்க அய்யா?"

"பின்னாடி. இடது பக்கம்."

"வழியில ஏதாவது பேசினாங்களா?"

"சிக்னல்ல நின்னப்போ, 'அண்ணே, நான் இங்கயே எறங்கிக்கிறேன்'னா."

"எறங்கினாங்களா?"

"இல்ல."

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஆசிரியை தடுப்பைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். "அய்யா, சொந்த விஷயம்னா இத்தோட நிறுத்திக்கலாம். அது எங்க விதி."

"கற்பனைம்மா" என்றேன்.

"கற்பனை பண்றவங்க கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்வாங்க அய்யா" என்றார் மாணவி. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பில்லில் ஒரு வரி விட்டுப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அது கற்பனைதான் என்று நிறுவவே இதை எழுத உட்கார்ந்தேன்.

3

அண்ணன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வாசகர்கள் அவரைக் கொடியவர் என்பார்கள். அவர் யாரையும் கை நீட்டி அடித்தவர் அல்ல. அப்பா போன பிறகு அந்த வீட்டின் பெயரைத் தலையில் சுமந்தவர். சுமப்பவருக்குக் குனிந்து பார்க்க வராது. [அழகாக இருப்பதால் இந்த வாக்கியத்தை நம்ப வேண்டாம்.]

அன்று தங்கை காரணம் சொன்னாளா? சொன்னாள். சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். அண்ணன் பார்த்தார்.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் அண்ணன் நல்லவராகிவிடுகிறார். அது கதைக்கு ஆகாது.)

4

கீழே இறங்கி வந்தேன். என் வண்டியைப் பார்த்த மாணவரை எல்லோரும் 'டாக்டர்' என்றார்கள். எந்த எஞ்சினையும் தொடும் முன் காது வைத்துக் கேட்பாராம். வந்தவர் பிரேக் என்று சொன்னாலும் விளக்கு, வைப்பர், கதவு என்று எல்லாவற்றையும் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும் என்பது கீழ்த்தளப் பாடம்.

"சார், பிரேக் பேடு தேஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு. இன்னொண்ணு, பின்னாடி இடது கதவு உள்ளேர்ந்து தெறக்கல."

"ரிப்பேரா?"

"இல்ல சார், குழந்தைப் பூட்டு போட்டிருக்கு. இடது பக்கம் மட்டும். வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கா?"

"இல்லை."

"அப்ப யாரோ தெரியாமப் போட்டிருப்பாங்க."

"தெரியாம விழுமா அது?"

அவர் கதவைத் திறந்து, விளிம்பில் இருந்த சிறிய துளையைக் காட்டினார். "சான்ஸே இல்ல சார். குனிஞ்சு, சாவிய விட்டுத் திருப்பணும்."

"டேய் டாக்டரு, விசாரணைக் கமிஷன் வெக்காத. கையெழுத்து வாங்கிட்டு வண்டிய விடு" என்று அடுத்த வண்டியின் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

படிவத்தில் எழுதியிருந்தது: 'பழுது இல்லை. யாரோ போட்டது.' கீழே கையெழுத்திட்டேன்.

(இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. மாடியில் சொன்னதற்குக் கீழ்த்தளத்தில் சாட்சி கிடைப்பது அளவுக்கு மீறிய கச்சிதம். வேறொருவர் எழுதியிருந்தால் 'ஜோடனை' என்று ஓரத்தில் குறித்திருப்பேன். ஆனால் படிவத்தின் நகல் என் சட்டைப்பையில் இருக்கிறது. பதினொரு வருடமாக அந்த வண்டியில் நானும் மனைவியும் மட்டும்தான், அதுவும் முன்னால்தான், உட்கார்ந்து போகிறோம்.)

5

முடிவு ஒன்று: அண்ணன் பூட்டை எடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்கு இது நல்ல முடிவு.

முடிவு இரண்டு: அண்ணன் தங்கைக்குப் போன் செய்து அழுகிறார். எங்கள் — அந்தக் குடும்பத்தில் போனில் அழுகிற பழக்கம் இல்லை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது, இதுவரை எழுதியதை மனைவி எடுத்துப் படித்தாள். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ரெண்டு எடத்துல எழுத்துப்பிழை." பிறகு கேட்டாள்: "கதைன்னா போட்டு அனுப்பப் போறீங்க?"

"கதைதானே."

"அப்ப அவ இன்னும் பொய்க்காரிதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.

நான் எழுதும் பத்திரிகையில் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் 'சிறுகதை' என்றோ 'கட்டுரை' என்றோ சின்ன எழுத்தில் போடுவார்கள். அந்த இடத்தை நான் நிரப்பவில்லை. ஒரு பிரதியைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'எது என்று நீயே ஆசிரியருக்கு எழுது. எது போட்டாலும் நான் மறுக்க மாட்டேன். உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் இந்த இதழ் போகும்.'

"இதுக்கும் அவளத்தான் வேலை வாங்குறீங்க" என்றாள் மனைவி. வாயால் சொல்ல வருமானால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அச்சுக்குப் போகும் நாள்வரை காத்திருக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குமேல் அவரால் ஆகாது. வாசகரே, தலைப்புக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அவள் இன்னும் எழுதவில்லை.