டிக் போடாத பெட்டி

மனிதகுலத்தின் விடுதலை, கணினியில் இயங்குதளம் நிறுவும்போது வரும் ஒரு சின்னப் பெட்டியில் டிக் போடாமல் விடுவதில்தான் இருக்கிறது என்பது அவன் கொள்கை. கம்பெனிகள் காப்புரிமை வாங்கி வைத்திருக்கும் வீடியோ வடிவங்களை ஓட்டும் மென்பொருளும் வேண்டுமா என்று அந்தப் பெட்டி கேட்கும். டிக் போட்ட நண்பர்களை எல்லாம் 'அடிமை' என்று கூப்பிட்டதால், கல்லூரியில் அவனுக்கே 'விடுதலை' என்று பெயர் விழுந்துவிட்டது.

அன்று மாலை அம்மா மருத்துவமனை வேலை முடிந்து, வீங்கிய காலோடு வந்து உட்கார்ந்தாள். தூர தேசத்தில் இருக்கும் அவன் அக்கா, தன் மகன் முதல் அடி வைத்த வீடியோவை அனுப்பியிருந்தாள். அம்மாவின் போன் பழுதாகிக் கிடந்ததால் விடுதலையின் கணினிதான் கதி.

சத்தம் வந்தது. படம் வரவில்லை.

"என்னடா, அங்க கரண்ட் போயிடுச்சா?"

"இல்லம்மா. இந்த வடிவத்துக்குக் காப்புரிமை இருக்கு. நான் அதை எதிர்க்கிறேன்."

"குழந்தையையா?"

"கம்பெனியை."

"சரிப்பா, எதிர்த்து முடி. நான் காதாலயே பாத்துக்கறேன்."

கறுப்புத் திரையை மூன்று முறை ஓட்டச் சொன்னாள். "விழுந்துட்டான் போல" என்று ஒருமுறை சிரித்தாள். நான்காவது முறை ஓடும்போது நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.

விடுதலை சத்தத்தைக் குறைத்தான். கணினியின் அமைப்புகளைத் திறந்து அந்தப் பெட்டியைத் தேடிப்பிடித்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, டிக் போட்டான். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டான்.

"அம்மா, கரண்ட் வந்துடுச்சு."