ஒரே கட்டு அகத்திக்கீரை

மழை பொய்த்துக் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்த எண்பத்து மூன்றாம் வருஷம், ஸ்ரீரங்கத்தில் புண்ணியத்துக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை. மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்க உத்தர வீதி மூலையில் தினமும் காலையில் வரிசை நிற்கும். துவாதசியன்று கேட்கவே வேண்டாம். மாடு வேலம்மாளுடையது; பெயர் கோமளம். கீரையும் அவளே விற்றாள்.

எதிரே பூக்கடை போட்டிருந்த எனக்கு அவள் தொழில் ரகசியம் தெரியும். கோமளம் ஒரு வாய் கடித்ததும் பக்தர் கண்ணை மூடிக் கும்பிடுவார். அந்த நேரத்தில் கயிற்றைச் சுண்டி, கட்டைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து அடுத்தவருக்கு விற்றுவிடுவாள். அகத்தி வளரும் வெற்றிலைக் கொடிக்காலெல்லாம் காய்ந்த வருஷம், கீரைக்கு அவளும் எங்கே போவாள்? ஒரே கட்டு ஏழெட்டுக் குடும்பங்களை வைகுண்டத்துக்கு அனுப்பியது. கோமளத்துக்கு வீட்டில் போன வருஷத்து வைக்கோல்தான்.

சினையாயிருந்த கோமளம் ஒருநாள் பொழுது சாய்ந்ததும், நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸில் போய் முட்டியது. மறுநாள் மாலை விளக்குக் கம்பத்தில்.

“பசு சமாதி நிலையில இருக்கு,” என்றார் ஒரு பக்தர். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதையும் அப்படித்தான் சொல்வார்.

வேலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஈற்றில் கன்று செத்துப் பிறந்திருந்தது. இதுவும் போய்விடுமோ என்று பயந்து, புத்தூரிலிருந்து மாட்டு டாக்டர் ஸ்தனிஸ்லாஸை அழைத்து வந்தாள்.

அவர் மாட்டின் கண்ணைப் பார்த்தார். “பச்சையே போடறதில்லையாம்மா?”

“தினம் ஊரே கீரை குடுக்குதுங்க ஐயா.”

“குடுக்குது. வயித்துக்குள்ள போகுதா?”

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மல்லிகையைப் பார்த்தேன்.

“பச்சைத் தீவனத்துல இருக்கிற சத்தைத்தான் மாடு வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். வெளுத்த வைக்கோல்ல அது கிடையாது. ஈரல்ல சேத்து வச்சிருந்ததும் தீந்துபோச்சு. அதான் மாலைக்கண். இப்படியே விட்டீங்கன்னா கன்னு குருடாப் பொறக்கும், இல்ல செத்துப் பொறக்கும்,” என்று ஊசி போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வேலம்மாள் வரிசையை விரட்டினாள். “புண்ணியம் வேணும்னா காவேரில போய் முழுகுங்க!”

“காவேரில ஏதும்மா தண்ணி?”

“அப்ப மணல்ல உருளுங்க!”

முழுக் கட்டையும் பிரித்து மாட்டின் முன்னால் போட்டாள். கோமளம் ஒரு வாய் கடித்தது. உடனே தலையைத் தூக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டது. கயிற்றை யாரும் தொடவில்லை.

“தின்னுடி. இனிமே புடுங்க மாட்டேன்டி,” என்று வேலம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கோமளம் அடுத்த பக்தருக்காகக் காத்து நின்றது.