பச்சை ரப்பர் போட்ட ஏழு பொட்டலங்கள்

நாலரை மணி என்பது கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் நல்ல நேரம். வெயில் இறங்கும், வாழைப்பழம் பொரிக்கும் பீசாங் கோரேங் வண்டியில் எண்ணெய் கொதிக்கும், துறைமுகத்தில் வேலை முடிந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவார்கள். நிலோபருக்கு மட்டும் அந்த நேரத்தைக் கண்டால் ஆகாது. காலையில் எழுந்து, குளித்து, மாமியாரின் மூட்டுக்குத் தைலம் தேய்த்து, அரைக் கூடை வெங்காயம் நறுக்கி, மத்தியானம்வரை மனுஷியாக நடமாடுகிறவள், பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் மனசுக்குள் கீழே இறங்க ஆரம்பிப்பாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் திட்டியிருக்க மாட்டார்கள், எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஆனாலும் நெஞ்சில் ஈரச் சாக்கைப் போட்டது போல் ஒரு பாரம் வந்து உட்காரும். ஏழரைக்குப் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது தானே எழுந்து போய்விடும். ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள்கூட அத்தனை நேரம் தவறாமல் வந்து போவதில்லை.

ஒன்றரை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். முதலில் காலையில் ஒன்று மட்டும். அதுதான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது, அந்த நன்றியை அவள் மறக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அதற்கு எட்டவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்றைச் சேர்த்தார். அதிலிருந்து, கழுத்தளவுத் தண்ணீராக நின்ற பாரம் முழங்காலளவு ஆனது. முழங்காலளவுத் தண்ணீரில் நடக்கலாம். கிள்ளான்காரிக்கு வெள்ளம் புதிதில்லை.

கிளினிக்கில் மாதவி என்றொரு தாதி. அவள்தான் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, அந்த மூணு மணி நேரத்துல வாழ்க்கையப் பத்தி ஒரு முடிவும் எடுக்காதீங்க லா. மீன் வாங்கறதா, கோழி வாங்கறதா, அதோட ஸ்டாப். மத்ததெல்லாம் காலையில பாத்துக்கலாம்."

இதை நிலோபர் தன் கணவன் பர்வேஸிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குக் கடையிலிருந்து போன் போட்டு, "மீனா, கோழியா?" என்று கேட்பான். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்வாள். அந்தக் குரலை வைத்து அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்று அவன் தெரிந்துகொள்வான்.

சிக்கலெல்லாம் மாமியார் அமீனா பீவியிடம்தான். முதல் மாத்திரை அட்டையைக் கண்ட அன்றைக்கு அந்த அம்மாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நம்ம குடும்பத்துல பைத்தியக்கார மாத்திரை யாரும் தின்னதில்ல." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாவிட்டால் என்ன? சொன்ன சொல் சொன்னதுதான். மாத்திரை அட்டை நிலோபரின் கைப்பையின் உள்ஜிப்புக்குள் குடிபோனது.

அமீனா பீவிக்கும் நோய் இல்லாமல் இல்லை. சர்க்கரை, தினமும் இரண்டு வேளை ஊசி. ஆறு வருடமாக நோன்பு வைப்பதில்லை, அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. நோன்பு வைக்க முடியாத நோயாளி, ஒரு நாளைக்கு ஓர் ஏழை என்று உணவு கொடுக்க வேண்டும், பித்யா என்பார்கள். ஊரெல்லாம் அதைப் பணமாகக் கட்டிவிட்டுப் போகிறது. அமீனா பீவி ஒப்பமாட்டார். தினம் காலையில் பால் டின்னில் அரிசி அளந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டு மாட்டிக் கட்டிலுக்கடியில் வைப்பார். சேர்ந்ததும் பர்வேஸ் கொண்டுபோய் வேண்டிய வீடுகளில் கொடுப்பான். சர்க்கரை நோய்க்கு இருக்கும் இந்த மரியாதை மனசு நோய்க்கு ஏன் இல்லை என்பது நிலோபரின் ஆறாத மனத்தாங்கல். நியாயமான மனத்தாங்கல்தான்.

இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உம்மாகிட்ட நான் சொல்றேன்," என்று பர்வேஸ் நெஞ்சை நிமிர்த்தினான். கொதிக்கிற கல்லில் வெறுங்கையால் இறைச்சி அடைத்த முர்தாபா ரொட்டியைத் திருப்புகிறவன், பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லப் பத்து நாள் யோசித்தான். அதற்குள் ரமலான் பிறந்துவிட்டது.

நிலோபர் ஒரு வழி கண்டுபிடித்தாள். "எனக்கு லீவு மாமி," என்றாள். மாதத்தின் அந்த நாட்களில் பெண்ணுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. எந்த வீட்டிலும் அதைக் கிளறிக் கேட்க மாட்டார்கள். ஏழு நாள் நிம்மதியாகப் போனது. மத்தியானம் அறைக்குள் ஒரு தட்டுச் சோறு, ஒரு மாத்திரை. அஸர் பாங்கு கேட்டதும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பழக்கப்படி தொழுவதற்கு முசல்லாப் பாயை விரிப்பாள். நெற்றி தரையில் பட்டிருக்கும் நேரத்தில் மட்டும் அந்தச் சாக்கு கொஞ்சம் விலகும். பிறகு பர்வேஸ் ரமலான் பாசார் என்னும் நோன்பு மாதச் சந்தையில் போட்ட கடையிலிருந்து வந்து, இரண்டாம் நடை இறைச்சிக் கலவையோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போவான்.

எட்டாம் நாள் விடியலுக்கு முன், சஹர் சாப்பாட்டுக்கு அமீனா பீவி கதவைத் தட்டினார். "லீவு முடிஞ்சிருச்சா புள்ள?"

"முடிஞ்சிருச்சு மாமி," என்றாள். வேறு என்ன சொல்வது? எந்த லீவும் ஏழு நாளைத் தாண்டினால் டாக்டர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

காலை மாத்திரை சஹரோடு உள்ளே போனது. மத்தியானச் சோறு இல்லை, அதனால் மத்தியான மாத்திரையும் இல்லை. இதைப் பர்வேஸிடமும் அவள் சொல்லவில்லை. பசி அவளை ஒன்றும் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய பசி. தண்ணீர்தான் ஏறியது. எட்டாம் நாள் இடுப்பளவு. பத்தாம் நாள் மார்பளவு. பர்வேஸ் பக்கத்திலேயே நின்று முர்தாபா போட்டுக்கொண்டிருந்ததால் போனும் இல்லை, மீனும் கோழியும் இல்லை.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. பாசாரில் நிற்க இடமில்லை. நிலோபர் முர்தாபாவைப் பொட்டலம் கட்டி, ஊறவைத்த வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தே காலுக்கு ஒரு மலாய்க்காரப் பெண்மணி, "காக், நான் கேட்டது கோழி, இது மாட்டிறைச்சி," என்று மலாயில், அக்கா முறை வைத்துப் பணிவாகத்தான் சொன்னாள். சின்னத் தவறு. மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. நிலோபருக்குத் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. கோழியா மாடா என்பதுகூடத் தெரியாதவளை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன செய்வான்? ஒன்றரை வருடமாக மாத்திரை தின்று கண்ட பலன் இதுதானா? நோன்பும் பொய், லீவும் பொய். எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். முதலில் மாத்திரையை. குப்பையில் போட்டுவிட்டு, பந்திங்கில் இருக்கும் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய், ஒரு மூலையில் படுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு எடுத்தாயிற்று. எடுக்கக் கூடாத நேரத்தில் எடுத்த முடிவு என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கால் நடந்தது.

"என்னங்க, தலை வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

கூட்டத்துக்கு நடுவே பர்வேஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் ஏப்ரனோடு கிராப் வாடகைக் காரில் ஏறிவிட்டாள்.

வீட்டில் சத்தமில்லை. மாமி அறையில் ஓதிக்கொண்டிருப்பார் என்று நினைத்து, நேராகச் சமையலறைக்குப் போனாள். குப்பைக் கூடை மேசைக்கடியில் இருந்தது. ஜிப்பைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அப்போதுதான் மேசையைப் பார்த்தாள்.

நாளைக்குக் கொடுப்பதற்காக மாமி அரிசிப் பொட்டலங்களை எடுத்து அடுக்கியிருந்தார். சிவப்பு ரப்பர் பேண்டு போட்டவை ஒரு வரிசை. எண்ணினாள்: பதினொன்று. சரிதான், பதினோரு நாள். பக்கத்தில் இன்னொரு வரிசை, பச்சை ரப்பர் பேண்டு போட்டவை. அவை ஏழு.

மாமிக்கு எதற்கு ஏழு நாள் கூடுதலாக?

"அந்த ஏழும் உனக்கு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அமீனா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் நிலோபரின் கையிலிருந்த அட்டைக்குப் போய், குப்பைக் கூடைக்குப் போய், திரும்பி வந்தது.

"எனக்கு... அப்ப லீவு மாமி."

"லீவுல இருக்கறவ தொழுவாளா?"

நிலோபர் பச்சைப் பொட்டலங்களை இன்னொரு தரம் எண்ணினாள்.

"ரெண்டாம் நாளு உன் ரூமப் பக்கமா போறேன். கதவு இடுக்குல பாத்தா, நீ நெத்தி தரையில பட சஜ்தாவுல கெடக்குற. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் புள்ள. நாப்பது வருஷம் ரெண்டு நாத்தனாரோட குடும்பம் நடத்துனவகிட்டயா?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நோன்புக்கு முன்னால தினம் அஞ்சு மணிக்கு என் மவன் போன் போட்டு மீனா கோழியான்னு கேப்பான். சட்டியில ஏற்கெனவே கோழி கொதிச்சுக்கிட்டு இருக்கும். சக்கரைதான் எனக்கு, காது செவிடு இல்ல."

"தெரிஞ்சும் ஏன் மாமி கேக்கல?"

"கேட்டேனே. கதவத் தட்டி, லீவு முடிஞ்சிருச்சான்னு கேட்டேன். முடியல மாமின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னிக்கும் ஒரு பச்ச கட்டியிருப்பேன். நீ முடிஞ்சிருச்சுன்ன. சரி, புள்ளைக்கு ஒடம்பு தேறிருச்சு, மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க போலன்னு சந்தோசப்பட்டேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தேறலையா?"

நிலோபர் தலையை ஆட்டினாள். தேறவில்லை என்று அந்த வீட்டில் அவள் மாமியாரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது, தடுக்கவில்லை.

"நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க, பைத்தியக்கார மாத்திரைன்னு."

"சொன்னேன்." அமீனா பீவி சாக்குச் சொல்லவில்லை. "நரம்பில்லாத நாக்கு, பேசிருச்சு. அள்ளி எடுக்க வழி தெரியல. அதான் அரிசியக் கட்டுனேன்."

மேசைமேல் போன் அலறியது. பர்வேஸ். மாமி எடுத்தார். "வீட்டுலதான் இருக்கா. எங்கிட்டதான் இருக்கா. நீ முர்தாபாவத் திருப்பு," என்று வைத்துவிட்டார். பிறகு மருமகள் கையிலிருந்த அட்டையை வாங்கி, பச்சைப் பொட்டலங்களின் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப ஒண்ணு போட்டா ஆகாதா?"

"தவறிப்போனத சாயங்காலம் போடக்கூடாதுன்னு கிளினிக்குல சொல்லியிருக்காங்க மாமி. நாளைக்கு மத்தியானம்தான். நாலு நாளா விட்டதையும் காலையில போன் போட்டுச் சொல்லணும்."

"அப்ப இன்னிக்கு?"

"பாங்கு சொல்ற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்."

"சரி, இருக்கட்டும். நானும் இருக்கேன்."

மணி ஆறு. மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டை அதிரவைத்துப் போயின. பாரம் போகவில்லை. ஒளிக்க வேண்டிய பாரம் மட்டும் போயிருந்தது, அதுவே பெரிய விடுதலையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமி கேட்டார்.

"நாளைக்கு நோன்பா, இல்லையா?"

நிலோபர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இந்த நேரத்துல முடிவு எடுக்கக் கூடாது மாமி. மீனா கோழியா, அவ்வளவுதான்."

"அப்படியா?" என்று அமீனா பீவி யோசித்தார். "எனக்கு அப்படி ஒண்ணும் டாக்டர் சொல்லலயே."

மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அரிசி டப்பாவைத் திறந்து, பால் டின்னால் ஓர் அளவு அளந்து பையில் கொட்டினார். வாயைச் சுருட்டி, பச்சை ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டி, ஏழோடு எட்டாவதாக வைத்தார்.

"பெருநாளுக்கப்புறம் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட மத்தத கேட்டுக்கலாம். நாளைக்கு மத்தியானம் சோறு இங்கதான், என்கூட. இப்பச் சொல்லு, மீனா கோழியா?"

"மீன், மாமி," என்றாள் நிலோபர்.